இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் ஊசி

இன்சுலின் ஊசி என்பது குருதியில் உள்ள குளுக்கோசின் அளவைக் குறைப்பதற்காகத் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புப் படலத்தில் செலுத்தப்படும் மருந்தாகும். முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு இது உயிர் காக்கும் மருந்து. நோய் கண்டறியப்பட்ட நாள் முதல் தேவைப்படுவது. இரண்டாம் வகை நீரிழிவில் பெரும்பாலும் மாத்திரைகள் போதாத நிலையிலேயே இது தொடங்கப்படுகின்றது. அளவும் நேரமும் தவறினால் குருதிச் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும் என்பதால், இம்மருந்தின் பயன்பாடு ஊசி போட்டுக்கொள்பவரின் உணவு வேளை, வேலை நேரம், வாழிடம் ஆகியவற்றோடு நெருங்கிய தொடர்புடையது. இக்கட்டுரை பொதுச் செய்திகளோடு கன்னியாகுமரி மாவட்டத்தின் (நாஞ்சில் நாடும் அதை அடுத்த பகுதிகளும்) வாழ்க்கை முறையில் கவனிக்க வேண்டியவற்றையும் விளக்குகின்றது.

வரலாறு

1921 ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் பிரெடரிக் பான்டிங், சார்லஸ் பெஸ்ட் ஆகியோர் நாயின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். ஜேம்ஸ் காலிப் அதைத் தூய்மைப்படுத்தினார். 1922 சனவரியில் லெனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. 1923 இல் பான்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து பெறப்பட்ட இன்சுலினே அறுபது ஆண்டுகள் வரை பயன்பாட்டில் இருந்தது. மரபணுப் பொறியியல் முறையில் நுண்ணுயிர்களைக் கொண்டு உருவாக்கப்பட்ட மனித இன்சுலின் 1982 இல் விற்பனைக்கு வந்தது. தமிழ்நாட்டில் நீரிழிவு மருத்துவத்தைத் தனித்துறையாக வளர்த்தவர்களுள் சென்னை இராயபுரத்தில் நீரிழிவு மருத்துவமனையை நிறுவிய மருத்துவர் எம். விசுவநாதன் குறிப்பிடத்தக்கவர்.

இரண்டாம் வகையில் இன்சுலின் தேவைப்படுதல்

இரண்டாம் வகை நீரிழிவில் இரு குறைகள் சேர்ந்து நிகழ்கின்றன. உடலின் உயிரணுக்கள் இன்சுலினுக்குச் சரிவரக் கட்டுப்படுவதில்லை. அதோடு, கணையத்தின் பீட்டா உயிரணுக்கள் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் செயலிழக்கின்றன. 1998 இல் வெளியான ஐக்கிய இராச்சிய நீரிழிவு ஆய்வின் முடிவுகள் இந்தத் தேய்வு தொடர்ந்து நிகழ்வது என்பதைத் தெளிவுபடுத்தின. எனவே பத்து, பதினைந்து ஆண்டுகள் மாத்திரையில் இருந்த ஒருவருக்கு ஊசி தேவைப்படுவது அவர் செய்த தவறுக்கான தண்டனையன்று. இன்சுலின் தொடங்கினால் முடிவு நெருங்கிவிட்டது என்ற எண்ணம் மக்களிடையே பரவலாக உள்ளது. கால் புண், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை முற்றிய பின்னரே பலர் ஊசிக்கு இணங்குவதால் இந்த எண்ணம் தானே மெய்யாவது போல் தோன்றுகின்றது. புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் ஊசியால் வந்தவை அல்ல, தாமதத்தால் வந்தவை.

அறுவை சிகிச்சை, கடுமையான தொற்று, கருவுற்ற காலம் ஆகியவற்றில் தற்காலிகமாகவும் இன்சுலின் கொடுக்கப்படுவதுண்டு. பின்னர் மாத்திரைக்கே திரும்ப இயலும்.

நடுவயதில் நீரிழிவு வந்த அனைவரும் இரண்டாம் வகையினர் அல்லர் என்பதும் இப்பகுதியில் நினைவில் கொள்ளத்தக்கது. கணையத்தில் சுண்ணாம்புக் கற்கள் உருவாகி அதனால் வரும் நீரிழிவு கேரளத்திலும் அதன் எல்லைப் பகுதிகளிலும் காணப்படுகின்றது. கேரள மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ் இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்து 1968 இல் நூலாக வெளியிட்டார். மரச்சீனிக் கிழங்கில் உள்ள சயனைடு சேர்மங்களே காரணம் என்று முன்னர் கருதப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அக்கருத்தை வலுவிழக்கச் செய்து, மரபணுக் காரணங்களைச் சுட்டின. மெலிந்த உடல், அடிக்கடி வயிற்றுவலி, எண்ணெய்ப் பசையுள்ள மலம் ஆகியவை இருப்பின் வயிற்றை எக்சு கதிர்ப் படம் எடுத்துப் பார்ப்பது வழக்கம். இவ்வகையினருக்குப் பெரும்பாலும் இன்சுலினே தேவைப்படும்.

வகைகளும் செயல்படும் நேரமும்

சாதாரண இன்சுலின் தெளிந்த நீர் போன்றது. செலுத்திய அரைமணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உச்சத்தை அடையும். என்.பி.எச். எனப்படும் இடைநிலை இன்சுலின் பால் கலந்த நீர் போலக் கலங்கியிருக்கும். இதன் உச்சம் நான்கு முதல் பத்து மணி நேரத்திற்குள் வரும். இவ்விரண்டும் 30க்கு 70 என்ற விகிதத்தில் கலந்த கலவை இன்சுலினே இந்தியாவில் மிகுதியாகப் பயன்படுகின்றது. லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்றவை விரைந்து செயல்படும் புதிய வகைகள். கிளார்கின், டெக்லுடெக் போன்றவை குறிப்பிடத்தக்க உச்சமின்றி ஒரு நாள் அல்லது அதற்கு மேலும் நீடிப்பவை.

கலங்கிய இன்சுலினை உள்ளங்கைகளுக்கு இடையே மெல்ல உருட்டிக் கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது. சரியாகக் கலக்காத குப்பியிலிருந்து எடுக்கும்போது ஒரு நாள் மருந்து மிகுந்தும் மறுநாள் குறைந்தும் போகும்.

அலகும் சிரிஞ்சும்

இன்சுலின் மில்லிலிட்டரில் அன்றி அலகுகளில் அளக்கப்படுகின்றது. இந்தியாவில் ஒரு மில்லிலிட்டரில் 40 அலகுகள் உள்ள குப்பிகளும், 100 அலகுகள் உள்ள குப்பிகளும் பேனாக் குழல்களும் சேர்ந்தே புழங்குகின்றன. உலகின் பல நாடுகள் 100 அலகு என்ற ஒரே செறிவுக்கு மாறிவிட்டன. அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கப்படும் குப்பிகள் பெரும்பாலும் 40 அலகுச் செறிவுடையவை. இவற்றுக்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு நிறத்திலும், 100 அலகுக்கானது ஆரஞ்சு நிறத்திலும் இருக்கும்.

இவை மாறினால் விளைவு கடுமையாக இருக்கும். 20 அலகு போட வேண்டிய ஒருவர், 100 அலகு மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால், அதில் அரை மில்லிலிட்டர் மருந்து இருக்கும். அதாவது 50 அலகுகள். மாறாக 40 அலகு மருந்தை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் 8 அலகுகள் மட்டுமே உடலில் சேரும். முதல் தவறு சில மணி நேரத்தில் மயக்கத்தில் தள்ளும். இரண்டாவது தவறில் சர்க்கரை நாள்கணக்கில் உயர்ந்தே இருக்கும். காரணம் தெரியாமல் அளவு கூட்டப்படும். பின்னர் சரியான சிரிஞ்சு கிடைக்கும் நாளில் ஆபத்து நேரும்.

வளைகுடா நாடுகளிலிருந்து விடுப்பில் வருவோர் கொண்டுவரும் குப்பிகள் 100 அலகுச் செறிவுடையவை என்பதால், அயல்நாட்டு வேலை மிகுந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் இக்குழப்பத்துக்கு வாய்ப்பு அதிகம். ஊர் மருந்துக் கடையில் சிரிஞ்சு மட்டும் வாங்கும்போது, காலியான குப்பியையும் கையில் கொண்டுசென்று காட்டுவது எளிய பாதுகாப்பாகும். பேனாக் குழலிலிருந்து சிரிஞ்சினால் மருந்தை உறிஞ்சி எடுப்பதும் இதே காரணத்தால் தவிர்க்கப்பட வேண்டியது.

ஊசி போடும் முறை

வயிறு, தொடையின் வெளிப்புறம், பிட்டம், மேற்கையின் பின்புறம் ஆகியவை ஏற்ற இடங்கள். வயிற்றில் கொப்பூழிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் போட வேண்டும். மருந்து மிக விரைவாக உறிஞ்சப்படுவதும் இங்கேதான். ஒவ்வொரு முறையும் முந்தைய இடத்திலிருந்து ஒரு விரற்கடையேனும் தள்ளிப் போடுதல் அவசியம். ஒரே இடத்தில் போட்டுவந்தால் கொழுப்புக் கட்டி உருவாகும். அங்கே வலி குறைவாக இருப்பதால் பலர் அதே இடத்தையே நாடுவர். கட்டிக்குள் போகும் மருந்து ஒழுங்காக உறிஞ்சப்படாததால் அளவு கூடிக்கொண்டே போகும். கட்டியைத் தவிர்த்து நல்ல இடத்தில் அதே அளவைப் போடும் நாளில் சர்க்கரை திடீரெனத் தாழும். ஆகவே இடத்தை மாற்றும்போது அளவைக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

பேனாவில் ஒவ்வொரு முறையும் இரண்டு அலகுகளை வெளியே பீய்ச்சிப் பார்த்த பின்னரே அளவைத் திருப்ப வேண்டும். அழுத்திய பின் பத்து எண்ணும் வரை ஊசியை எடுக்கக் கூடாது. ஊசியை மாற்றினாலும் ஒருவரது பேனாவை மற்றொருவர் பயன்படுத்தக் கூடாது. குருதித் துளி குழலுக்குள் ஏறி, மஞ்சள் காமாலை 'பி' போன்ற தொற்றுகளைக் கடத்த வல்லது. கணவன் மனைவி இருவருக்கும் நீரிழிவு உள்ள வீடுகளில் இது மிக எளிதில் மீறப்படுகின்றது.

தாழ்சர்க்கரை

குருதிச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவது தாழ்சர்க்கரை எனப்படுகின்றது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும்பசி ஆகியவை முதலில் தோன்றும். பின்னர் பேச்சுக் குழறல், எரிச்சல், பொருந்தாத நடத்தை, வலிப்பு, மயக்கம் ஆகியவை வரும். இரத்த அழுத்தத்துக்காகப் பீட்டா தடுப்பி மாத்திரை உட்கொள்வோருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் தெரியும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை ஊசியோடு சேர்த்து எடுப்பவர்களுக்கும், சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும் ஆபத்து மிகுதி. வெறும் வயிற்றில் மது அருந்தினால் கல்லீரல் குளுக்கோசு வெளியிடுவது தடைப்படும். இந்நிலையில் தெருவில் விழுந்து கிடப்பவரைப் போதையில் கிடப்பதாக எண்ணி அப்படியே விட்டுவிட நேரலாம்.

நினைவுள்ளவருக்கு 15 கிராம் குளுக்கோசு அல்லது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, உயரவில்லையெனில் திரும்பவும் கொடுத்து, பின்னர் உணவு தர வேண்டும். கருப்பட்டியும் பயன்படும், ஆயினும் கடித்துத் தின்னும் துண்டு கரைய நேரமாகும். வோக்ளிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரையோ கருப்பட்டியோ விரைந்து பலன் தராது. அம்மருந்துகள் சர்க்கரை பிரிவதைத் தடுப்பவை. அவர்கள் சட்டைப்பையில் குளுக்கோசுப் பொட்டலமே வைத்திருக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108 ஐ அழைக்க வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கவனிக்க வேண்டியவை

குலசேகரம், கீரிப்பாறை ஆகிய பகுதிகளில் இரப்பர் பால் வெட்டுவோர் விடியுமுன்னே, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் செல்வர். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்பதே காரணம். கட்டன் சாயா மட்டும் குடித்துவிட்டு மரம் மரமாக நடப்பவர்கள் பலர். முந்தைய இரவு எட்டு மணிக்குப் போட்ட கலவை இன்சுலினின் இடைநிலைப் பகுதி உச்சத்தில் இருப்பது ஏறத்தாழ அந்த நேரத்தில்தான். வியர்வையை வேலையின் வியர்வை என்றும், தள்ளாட்டத்தை உறக்கக் கலக்கம் என்றும் எண்ணிவிடுவர். அருகில் ஆளும் இருப்பதில்லை. எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார் என்பதை நோயாளி சொல்லாவிட்டால் மருத்துவருக்குத் தெரிய வழியில்லை. சொன்னால் இரவு அளவைக் குறைக்கவோ, உச்சமற்ற வகைக்கு மாற்றவோ, அதிகாலை மூன்று மணிக்கு அளந்து பார்க்கச் சொல்லவோ இயலும். புறப்படுமுன் இரண்டு இட்லியோ ஒரு துண்டுப் புட்டோ உண்பது வீண்செலவன்று.

திருமண வீட்டுப் பந்தி மற்றொரு இடர். மனித இன்சுலினை உணவுக்கு அரைமணி நேரம் முன்னதாகப் போட வேண்டும் என்று கற்றவர், வீட்டிலேயே ஊசி போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வந்து மூன்றாவது பந்திக்குக் காத்திருப்பார். உணவு நேரம் உறுதியில்லாத நாளில் பந்தியில் இடம் உறுதியான பின்னர் போடுவதே நல்லது. சற்றுத் தாமதமான ஊசியால் வரும் உயர்சர்க்கரை, உணவில்லாத ஊசியால் வரும் தாழ்சர்க்கரையைவிடத் தீங்கு குறைந்தது. தவக்கால நோன்பு, ரமலான் நோன்பு, சபரிமலை விரதம் ஆகியவற்றைக் கடைப்பிடிப்போர் முன்கூட்டியே அளவை மாற்றியமைத்துக்கொள்ள வேண்டும்.

மரச்சீனிக் கிழங்கும் மீனும், ஏத்தன் பழமும் புட்டும் இங்கு அன்றாட உணவு. இவற்றை விலக்க வேண்டியதில்லை. சோற்றோடு கூடுதலாக அன்றி, சோற்றுக்குப் பதிலாகவே கிழங்கை உண்ண வேண்டும். ஒரு நாள் கிழங்கும் மறுநாள் வெறும் கஞ்சியும் என்று மாவுச்சத்தின் அளவு ஏறி இறங்கினால், மாறாத இன்சுலின் அளவு அதற்கு ஒத்துவராது.

சேமிப்பு

பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். பிரித்ததை 30 பாகைக்கு மிகாத அறை வெப்பத்தில் பொதுவாக நான்கு வாரம் வரை பயன்படுத்தலாம். சில வகைகளுக்கு வரம்பு மாறும் என்பதால் உறையைப் பார்த்தறிதல் வேண்டும். உறைந்துபோன இன்சுலின் உருகிய பின் பார்வைக்கு மாற்றமின்றி இருந்தாலும் பயனற்றது. தூத்தூர், வள்ளவிளை போன்ற ஊர்களிலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் மீனவர்கள், மீன் வைக்கும் பனிக்கட்டி அறையில் மருந்தைப் போட்டுவைத்தால் இதுவே நேரும். துணியில் சுற்றி, வாயகன்ற குடுவையில் இட்டு, பனிக்கட்டியைத் தொடாமல் வைக்க வேண்டும்.

குளிர்பெட்டி இல்லாத வீடுகளில் ஈரமணல் நிரப்பிய மண்பானை உதவும். நீர் ஆவியாவதால் அது குளிர்கின்றது. ஆகவே காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரை ஊர்களில் பலன் சற்றுக் குறையும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய வேளையில் குளிர்பெட்டி நின்றுவிட்டது என்பதற்காக ஊசியை நிறுத்தக் கூடாது. அறை வெப்பத்தில் இருந்த குப்பியை அன்றைய நாளிலிருந்து கணக்கிட்டுப் பயன்படுத்தலாம். தெளிந்த மருந்து கலங்கியிருந்தாலோ, கலங்கிய மருந்தில் கட்டிகள் ஒட்டியிருந்தாலோ விலக்கிவிட வேண்டும்.

இன்சுலின் அல்லாத ஊசிகள்

நீரிழிவுக்கான ஊசிகள் அனைத்தும் இன்சுலின் அல்ல. குடலில் சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்னும் இயக்குநீரை ஒத்த எக்செனடைடு 2005 இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. இதன் மூலம் கிலா என்னும் நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் கண்டறியப்பட்டதாகும். இவ்வகையோடு தொடர்புடைய, வாரம் ஒருமுறை போடும் டிர்செபடைடு 2025 மார்ச்சில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. இவை தனித்துத் தாழ்சர்க்கரையை ஏற்படுத்துவது அரிது, இன்சுலினோடு சேரும்போது ஏற்படுத்தலாம். குமட்டல், வாந்தி ஆகியவை பொதுவான பக்க விளைவுகள். கடும் வயிற்றுவலி வந்தால் கணைய அழற்சியா என்று பார்க்க வேண்டும். எடை குறைகிறது என்பதற்காக மருத்துவரைக் கேளாமல் இன்சுலினை நிறுத்திவிட்டு இவற்றுக்கு மாறுவது, பீட்டா உயிரணுக்கள் ஏறக்குறைய முற்றும் செயலிழந்தவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாக முடியும்.