குறிஞ்சி பாலையாகும் காலம்

மந்தைவெளி என்னும் பெயரைக் கேட்ட அளவில் இன்று நம் நினைவுக்கு வருவன பேருந்து நிலையமும் கடைத்தெருவும் பறக்கும் தொடர்வண்டியுமே ஆகும். பெயரைப் பிரித்து நோக்கினால், ஆநிரைகள் மேய்ந்த வெளி என்ற பொருள் புலப்படும். முல்லை நிலத்துப் பெயரைத் தாங்கிய ஊரில் இன்று மேய்ச்சலும் இல்லை, வெளியும் இல்லை. மாடியின்மேல் மாடி எழுந்துவிட்ட இத்தெருக்களில் வளரும் இளைஞர்கள் வெள்ளிக்கிழமை மாலையானால் முதுகுப்பையைச் சுமந்துகொண்டு மலைகளை நாடிப் புறப்படுகின்றனர். நம் மாணவரிடையேயும் இவ்வழக்கம் பரவி வருகிறது. பெரியோர் சிலர் இதனை வீண் விளையாட்டென ஒதுக்குவர். நாம் அவ்வாறு கருதவில்லை. நடக்கவும் ஏறவும் வானத்தைப் பார்க்கவும் இளைஞர்க்கு ஓரிடம் வேண்டும். ஆனால் எங்குச் செல்வது என்று ஆர்வத்தோடு கேட்கும் மாணவர், எப்போது செல்வது என்று கேட்பதில்லை. அதுவே நம் கவலை.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றார். முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்னும் நான்கிற்கும் நிலம் வகுத்த அவர், பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. பொழுதை மட்டுமே வகுத்தார். வேனிலும் நண்பகலும் அதற்குரியவை. பின்பனியும் உரித்து என்றார். முல்லையும் குறிஞ்சியுமே வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை வடிவம் கொள்ளும் என்று இளங்கோவடிகள் காடுகாண் காதையில் விளக்கினார். எனவே தமிழ் மரபில் பாலை என்பது நிலத்திற்கு நேரும் ஒரு நிலை. இன்று பசுமையாய் நிற்கும் மலையே மூன்று திங்கள் கழித்துப் பாலையாகக்கூடும்.

அரபு நாட்டையோ இராசத்தானத்தையோ ஒத்த மணற்பாலை தமிழகத்தில் இல்லை. திருச்செந்தூர்ப் பக்கத்துக் குதிரைமொழித் தேரி போன்ற செம்மணல் மேடுகள் கண்ணுக்குப் பாலையாகத் தோன்றினும், அங்கும் பனையும் முந்திரியும் வளர்கின்றன. அரபு நாட்டுச் சுரத்தைப் பாட வந்த உமறுப்புலவரும் சீறாப்புராணத்துச் ‘சுரத்திற் புனலழைத்த படல’த்தில், தமிழ்ப் பாலைத்திணையின் வெம்மையையும் நீர்வேட்கையையுமே அந்நிலத்தின் மீது விரித்துக் காட்டினார். சுரம் கடப்போர்க்கு முதற்பகை தாகம் என்பதைக் கற்க அப்படலம் ஒன்றே போதும்.

மலை பாலையாவது ஏட்டுச் செய்தி மட்டுமன்று என்பதை 2018-ஆம் ஆண்டு மார்ச் 11 நமக்குக் காட்டியது. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறிய மலையேற்றக் குழுவினர் மறுநாள் இறங்கி வரும்போது காட்டுத்தீயில் சிக்கினர். சென்னையிலிருந்து சென்றோர் ஒரு குழு, கொங்கு நாட்டிலிருந்து சென்றோர் மற்றொரு குழு. இளம்பெண்களும் புதுமணத் தம்பதியரும் அவர்களுள் இருந்தனர். மருத்துவமனைகளில் பின்னர் இறந்தோரையும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மாய்ந்தன. அன்று நாள் மாசித் திங்களின் கடைசிப் பகுதி. வேளை நண்பகல் கடந்த பொழுது. மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம் என்பதை இலக்கணம் பயிலும் மாணவர் அறிவர். பாலைக்குரிய பெரும்பொழுதும், அதற்குரிய சிறுபொழுதின் வெம்மையும் கூடிய நேரத்தில் அவர்கள் குறிஞ்சியில் இருந்தனர்.

தீ அவ்வளவு விரைவாகப் பரவியது எவ்வாறு என்று பலர் வியந்தனர். மழை நீங்கிச் சில திங்கள் கடந்தபின் மலைச்சரிவின் உயர்ந்த புல் முற்றிலும் உலர்ந்துவிடுகிறது. சரிவில் பற்றிய தீ சமநிலத் தீயைப் போன்றதன்று. கீழிருந்து எழும் சுடரும் வெங்காற்றும் மேலே நிற்கும் புல்லை முன்னரே சூடேற்றி வைப்பதால் தீ மேல்நோக்கித் தாவி ஏறும். பகல் வெயிலில் காய்ந்த காற்றும் சரிவின் மேல்நோக்கியே வீசும். ஆதலின் அஞ்சி மேலே ஓடுபவர் தீ செல்லும் வழியிலேயே ஓடுகின்றனர். புல்லற்ற பாறைவெளியும், முன்னரே எரிந்து கருகிய நிலமும் ஓரளவு புகலிடமாகும். மூங்கில் ஒன்றோடொன்று உரசித் தீப்பிறப்பதைப் பாலைப் பாடல்கள் பேசும். இக்காலத்துக் காட்டுத்தீயோ பெரும்பாலும் மனிதர் கையால் மூள்வது. அணைக்காத அடுப்பும் எறிந்த பீடித்துண்டும் மூங்கிலின் வேலையை எளிதாக்கிவிட்டன.

அத்துயரத்தின் பின் தமிழக அரசு 2018-லேயே மலையேற்றத்துக்கென விதிகள் வகுத்தது. வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டுக்குள் நடப்பது குற்றமாகும். 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்னும் திட்டத்தின்கீழ் 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்கள் திறக்கப்பட்டன. எளியது, நடுத்தரமானது, கடினமானது என அவை வகுக்கப்பட்டுள்ளன. 2025-இல் பிப்ரவரி நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை, காட்டுத்தீக் காலம் என்று கூறி இத்தடங்களை மூடினர். அக்காலத்தைத் தமிழ் மாதத்தில் எண்ணிப் பாருங்கள்: மாசியும் பங்குனியும், அதாவது பின்பனியின் இரு திங்களும்! தொல்காப்பியத்தைப் புரட்டிப் பார்த்து வனத்துறையினர் நாள் குறித்திருக்கமாட்டார்கள். ஒரே மலைகளை உற்றுநோக்கிய இருவர் ஒரே முடிவுக்கு வந்தனர் என்றே கொள்ளலாம்.

பொழுதைத் தொல்காப்பியம் சொல்ல, வழியைச் சொல்ல நமக்கொரு முழுநூல் உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம், பெருங்கௌசிகனார் பாடியது. 583 அடிகள் கொண்டது. நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்ப்படும் மற்றொரு கூத்தனுக்கு மலைவழியை எடுத்துரைப்பதாக அமைந்தது. தேர்வுக்காக இந்நூலைப் படிக்கும் மாணவர் இதனை வெறும் வருணனை என்று எண்ணிக் கடந்துவிடுகின்றனர். நாமோ மலையேறுவோர்க்குத் தமிழில் எழுந்த முதற் கையேடு இது என்போம். பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் இருக்கும், ஆதலால் விடிந்தபின் செல்க என்கிறது. பாம்பு உறையும் குழிகளைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்கிறது. தினைப்புனங் காப்போர் யானையை ஓட்ட எறியும் கவண்கல் உங்கள்மீதும் படலாம், மரத்தின் பின் ஒதுங்கிக் கடந்து செல்க என்கிறது. பாசி படர்ந்து வழுக்கும் இடங்களில் எதனைப் பற்றி நடப்பது, இருட்டினால் எக்குகையில் தங்குவது என்பனவும் உண்டு. பாதை பிரியும் இடத்தைத் துடைத்துத் தூய்மை செய்து, பின்வருவோர் வழி தவறாதிருக்கப் புல்லை முடிந்து அடையாளம் இடுமாறு கூறும் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் நாம் சற்று நின்றுவிடுகிறோம். தன் பின்னால் யாரோ வருகிறார் என்ற எண்ணம் அக்கூத்தனுக்கு இருந்தது.

அந்நூலில் வழிப்போக்கர்க்கு விருந்தளித்து வழிகாட்டுவோர் மலைவாழ் மக்களே. இன்றைய வழித்தடங்களிலும் பழங்குடியினரும் வனத்தை ஒட்டிய சிற்றூர் இளைஞரும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக உடன் வருகின்றனர். குரங்கணியிலும் வானூர்திகள் வருமுன் ஓடிச்சென்று, காயம்பட்டோரைப் போர்வைகளில் கிடத்திச் சுமந்தவர் அப்பகுதி மக்களே ஆவர். வழிகாட்டி ‘இன்று வேண்டாம்’ என்றால், பேருந்துக் கட்டணம் வீணாயிற்றே என்று வாதிடாமல் திரும்பிவிடும் துணிவு மாணவர்க்கு வேண்டும்.

எப்போதுதான் செல்வது என்பார்க்கு இலக்கணமே விடை தருகிறது. குறிஞ்சிக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். கூதிராகிய ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையால் வழி வழுக்கும். ஓடைகள் திடீரெனப் பெருகும். முன்பனியாகிய மார்கழியும் தையும் மலைக்கு உகந்தவை. குறிஞ்சியின் சிறுபொழுதாகிய யாமத்தை மட்டும் களவொழுக்கத் தலைவனுக்கே விட்டுவிடலாம். நம் மாணவர் காலையில் ஏறி, வெயில் சாயுமுன் இறங்கிவிடுவது நன்று. பொங்கல் விடுமுறையில் செல்ல எண்ணுவோர் வனத்துறைப் பதிவை முன்கூட்டியே முடித்து, போகும் தடத்தையும் மீளும் நேரத்தையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுவார்களாக.