புதுப்பிக்கப்படாத கணினி

2017 மே 12 அன்று பரவத் தொடங்கி, சில நாட்களுக்குள் ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைத் தாக்கிய ‘வான்னாக்ரை’ என்னும் தீநிரல், கணினியில் இருந்த கடிதங்களையும் படங்களையும் கணக்குகளையும் எவரும் படிக்க இயலாதபடி மறையாக்கம் செய்துவிட்டு, அவற்றை மீட்டுத் தர 300 டாலரை பிட்காயினாகச் செலுத்த வேண்டும் என்று திரையில் அறிவித்தது. இவ்வாறு கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் நிரல்கள் ரேன்சம்வேர் எனப்படுகின்றன. இங்கிலாந்தின் அரசு மருத்துவ நிர்வாகங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வான்னாக்ரையால் பாதிக்கப்பட்டன. நாள் குறிக்கப்பட்டிருந்த அறுவை சிகிச்சைகள் உட்பட ஆயிரக்கணக்கான மருத்துவச் சந்திப்புகள் ரத்து செய்யப்பட்டன.

அந்நிரல் பரவுவதற்கு யாரும் எந்த இணைப்பையும் சொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே வலையமைப்பில் உள்ள கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் விண்டோஸின் பழைய பகுதி ஒன்றில் இருந்த பிழையே அதற்கு வழியாயிற்று. அப்பிழையைப் பயன்படுத்தி ஊடுருவும் கருவி, அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை தன் உளவுப் பணிக்காக உருவாக்கியதெனப் பரவலாக ஏற்கப்படுகிறது. அது கசிந்து, 2017 ஏப்ரலில் ‘ஷேடோ புரோக்கர்ஸ்’ என்ற குழுவால் இணையத்தில் வெளியிடப்பட்டது. ஆயினும், பிழையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14 அன்றே, அதாவது தாக்குதலுக்கு 59 நாட்களுக்கு முன்பே, கட்டணமின்றி வழங்கியிருந்தது. தாக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அவற்றுக்கான திருத்தம் கிடைத்தும் நிறுவப்படாமல் கிடந்தது என்பதே இந்நிகழ்வில் மிகவும் வருந்தத்தக்கது.

திருத்தம் வெளியானவுடன் ஆபத்து குறைந்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால், அதை நிறுவாதவருக்கு ஆபத்து அன்றிலிருந்துதான் கூடுகிறது. பழைய நிரலையும் திருத்தப்பட்ட நிரலையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கைதேர்ந்தவர்களுக்குப் பிழை எங்கே இருந்தது என்பது விளங்கிவிடுவதால், அதுவரை சிலர் மட்டும் அறிந்திருந்த வழி பலருக்கும் தெரிந்ததாகிவிடுகிறது. எனவே அப்டேட் அறிவிப்பை ‘பிறகு பார்க்கலாம்’ என்று மாதக்கணக்கில் தள்ளிவைப்பது, வீட்டுக் கணினி தொடர்பான தவறுகளுள் முதன்மையானது. உரிமமில்லாத விண்டோஸை நிறுவித் தருவோர் அது பிடிபடாமல் இருப்பதற்காகப் புதுப்பித்தலையே அணைத்துவிடுவதும் உண்டு. அதனால் மிச்சமாகும் சில ஆயிரம் ரூபாய், இழக்கப்படும் பாதுகாப்புக்கு எவ்வகையிலும் ஈடாகாது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டதால், அதைப் பயன்படுத்துவோர் நீட்டிக்கப்பட்ட திருத்தங்களுக்குப் பதிவு செய்துகொள்வதோ, புதிய இயங்குதளத்துக்கு மாறுவதோ இன்றியமையாதது.

எவ்வளவு புதுப்பித்தாலும், இன்னும் எவரும் கண்டறியாத பிழைகள் எஞ்சியிருக்கும் என்பதால், இரண்டாவது அரணாக அமைவது காப்புநகல், அதாவது முக்கியமான கோப்புகளைப் படியெடுத்து வேறோர் இடத்தில் வைத்தல். இதில் பலரும் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்று உண்டு. கணினியுடன் எப்போதும் இணைத்தே வைத்திருக்கும் ஹார்டு டிஸ்க்கில் உள்ள நகல்களையும் ரேன்சம்வேர் பூட்டிவிடும். கூகுள் டிரைவ் போன்ற சேவைகளில் தானாகப் பதிவேறும் கோப்புறைகளிலும், பூட்டப்பட்ட கோப்பே நல்ல கோப்பின் இடத்தில் அமர்ந்துவிடக்கூடும். அதனால் படியெடுத்து முடிந்தவுடன் டிஸ்க்கைக் கழற்றி வைக்க வேண்டும். குறைந்தது ஒரு நகலாவது வீட்டுக்கு வெளியே இருப்பது நல்லது. திருமணப் படங்களும் நிலப் பத்திரங்களின் ஸ்கேன்களும் பிள்ளைகளின் ஆய்வேடுகளும் ஒரே ஒரு பெட்டிக்குள் இருக்கும் வீடுகளில், இந்த வேலையைவிட அவசரமானது வேறில்லை.

ஆன்டிவைரஸைப் பொறுத்தவரை, விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுடன் சேர்ந்தே வரும் டிஃபெண்டரை இயக்கத்தில் வைத்திருப்பது பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமானது. அன்றாட வேலைகளுக்கு நிர்வாகி அதிகாரமில்லாத சாதாரணப் பயனர் கணக்கைப் பயன்படுத்தினால், தவறி நுழையும் நிரலால் கணினி முழுவதையும் கைப்பற்றுவது கடினமாகும். வைஃபை ரவுட்டருடன் வந்த நிர்வாகக் கடவுச்சொல் மாற்றப்பட வேண்டும். மின்னஞ்சலுக்குத் தனிக் கடவுச்சொல்லும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் கட்டாயம் வேண்டும். ஏனெனில் மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றும் இணைப்புகள் வந்து சேருவது அங்கேதான்.

கணினியில் பிழையைத் தேடுவதைவிட மனிதரின் அச்சத்தைப் பயன்படுத்துவது எளிது என்பதை அறிந்தவர்கள், மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுவதாகச் சொல்லித் தொலைபேசியில் அழைத்து, ‘எனிடெஸ்க்’ போன்ற தொலைநிலை இயக்க மென்பொருளை நிறுவச் செய்கிறார்கள். உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது என்று எந்த மென்பொருள் நிறுவனமும் தானாக அழைத்துச் சொல்வதில்லை; அத்தகைய அழைப்பை உடனே துண்டித்துவிடலாம். இந்தியாவில் இவ்வாறு பணம் பறிபோனால், தாமதமின்றி வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்; பணம் கணக்குகள் பல மாறிச் செல்லும் முன் முடக்கப்படும் வாய்ப்பு, முதல் சில மணி நேரங்களில்தான் அதிகம்.