ஸ்டெப்பியில் சைக்கிள்: காற்று தின்னும் நாட்கள்

கஜகஸ்தானின் ஸ்டெப்பிப் புல்வெளியைச் சைக்கிளில் கடக்க ஆசைப்படுகிறவர்கள் கிலோமீட்டர் கணக்குப் போடுகிறார்கள். போட வேண்டியது நாள் கணக்கு. இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் 2022 ஜூலை முதல் அங்கே விசா வேண்டாம். ஆனால் ஒருமுறை நுழைந்தால் 14 நாள்தான். 180 நாளுக்குள் மொத்தம் 42 நாளைத் தாண்டக் கூடாது. நாடோ மேற்கிலிருந்து கிழக்காக ஏறக்குறைய 3,000 கி.மீ. கிளம்பும்முன் கஜகஸ்தான் தூதரகத்தில் விதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் மிதிப்பவருக்கு 30 கி.மீ. வேக எதிர்க்காற்று அடித்தால், காற்றில்லாத நாளைவிடக் காற்றுத் தடை ஒன்பது மடங்கு. மறிக்க மரமோ மேடோ கிடையாது. நூறு கிலோமீட்டர் போக நினைத்தவர் நாற்பதில் நிற்பார். அடுத்த ஊர்வரை என்று அளந்து எடுத்த தண்ணீர் பாதி வழியில் தீர்ந்திருக்கும். அந்த 14 நாளும் இப்படித்தான் கரைகிறது. காற்றைக் காரணம் காட்டினால் எல்லை அதிகாரி கேட்க மாட்டார். கெடு தாண்டினால் அபராதம், நாடு கடத்தல்கூட நேரலாம். நாள் போதாது என்று தெரிந்த அன்றே சைக்கிளோடு ரயிலேறிவிடுங்கள். முழுத் தூரமும் மிதித்தே தீருவேன் என்பது வெறும் வீம்பு.

நாளை மிச்சப்படுத்தக் குறுக்கு வழியில் இறங்குவது அதைவிட மோசம். தடைசெய்த பகுதிக்குள் போய்விடலாம்: அங்குள்ள பைக்கனூர் ராக்கெட் ஏவுதளமும் நகரமும் 2050 வரை ரஷ்யாவிடம் குத்தகையில் உள்ளன. அனுமதியின்றி உள்ளே போக முடியாது. எங்கே கைதானாலும், இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது பிரிவு அதைத் தருகிறது. பாஸ்போர்ட் தொலைந்தால் போலீஸ் புகாரின் நகலோடு அஸ்தானாவிலுள்ள இந்தியத் தூதரகத்தை அணுகுங்கள்.

அவசர எண் 112. சிக்னல் இல்லாத இடத்தில் அது உதவாது என்பதால் பலர் செயற்கைக்கோள் தகவல் கருவி வாங்குகிறார்கள். அதை உரிமமின்றி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். விமான நிலையங்களில் பயணிகள் பிடிபட்டிருக்கிறார்கள். உரிமம் இல்லையென்றால் கருவி வேண்டாம். எந்த நாள் எந்த ஊரிலிருந்து அழைப்பீர்கள், அழைப்பு வராவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மேய்ச்சல் நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நில்லுங்கள். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு உடனே ஓட வேண்டும். குடிக்க வைத்திருந்த தண்ணீர் என்று தயங்காதீர்கள்.

பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டுக்கு விலக்கு இருக்கலாம். நெடுந்தூரச் சைக்கிள் பயணம் அதில் வருமா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்; முகவர் வாய்ச்சொல் செல்லாது. கோரிக்கையை நிராகரித்தால் முதலில் நிறுவனத்துக்கே புகார். ஒரு மாதத்தில் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமில்லை, சென்னையிலும் அலுவலகம் உண்டு. விமானத்தில் சைக்கிள் உடைந்து வந்தாலோ, 7 நாளுக்குள் விமான நிறுவனத்திடம் எழுத்தில் புகார் தர வேண்டும். பெட்டியில் கட்டும்முன் எடுத்த படங்கள் அப்போது கைகொடுக்கும்.