கம்பெனி பஸ்ஸின் கடைசிப் படி

ஞாயிற்றுக்கிழமை பர்வதமலைக்கோ ஜவ்வாது மலைக்கோ போய் ஓடித் திரும்பியவரை, செவ்வாய்க்கிழமை காலை ஒரகடத்தில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். வாலாஜாபாத்தில் ஏறும்போது தெரியாது. எல்லோரையும் போலத்தான் ஏறுவார். இறங்கும்போதுதான் கம்பியை இரண்டு கையாலும் பற்றி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு காலாகக் கடைசிப் படியில் வைப்பார். திங்கட்கிழமைகூட இவ்வளவு வலித்திருக்காது. மலை ஓட்டத்தைப் பற்றி நம் சமவெளிக்காரர்களிடம் இருக்கும் தப்புக் கணக்கு அந்தப் படியில் அப்பட்டமாகத் தெரிகிறது. மலை என்றாலே ஏறுவது என்று நினைக்கிறோம். மூச்சைப் பிடிக்கப் பழகுகிறோம், தொப்பையைக் குறைக்கிறோம், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோரம் விடியற்காலையில் கிலோமீட்டர் சேர்க்கிறோம். இறக்கத்துக்கு மட்டும் யாரும் எதுவும் செய்வதில்லை. பயிற்சியானாலும் நேரக் கணக்கானாலும் அனுமதி விதியானாலும் இறக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன்.

காரணம் தசையில் இருக்கிறது. ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடம்பை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே இறுக்கிப் பிடித்து, கீழே போகும் உடம்புக்கு பிரேக் போடுகிறது. இழுபடும்போதே பிடிக்க வேண்டியிருப்பதால் தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல்கள் விழுகின்றன. வலி அன்றே வராது; மறுநாள் தலைகாட்டி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். செவ்வாய்க்கிழமைக் கதை அதுதான். இதில் வஞ்சகமான சங்கதி வேறொன்று. மிதமான சரிவில் இறங்கி ஓட, சமதரையில் ஓடுவதைவிடக் குறைந்த ஆக்சிஜனே செலவாகும். ஆகவே மூச்சு வாங்காது. ஏற்றத்தில் நுரையீரல் கூப்பாடு போட்டு நிறுத்திவிடும். இறக்கத்தில் கூப்பாடு போட ஆளில்லை. கால் சோர்ந்துவிட்டது என்பது கல்லில் இடறிய பிறகுதான் தெரிகிறது. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று லாரி ஓட்டுபவர்கள் சொல்வதை, லாரியும் காரும் செய்கிற இந்த வட்டாரத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் சொந்தக் கால் என்று வரும்போது நியூட்ரலில் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் ஒரு சூத்திரம் சொன்னார். இன்றைய அளவில் அது இப்படி: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். கவனிக்க, அவரும் இறக்கத்துக்கென்று எதையும் சேர்க்கவில்லை. பிற்பாடு எரிக் லாங்மியூர் அதைத் திருத்தினார்: இறக்கம் மிதமாக இருந்தால் 300 மீட்டருக்குப் பத்து நிமிடம் கழி, செங்குத்தாக இருந்தால் பத்து நிமிடம் கூட்டு. வெள்ளியங்கிரிக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். ஏழு மலைக்கும் ஒரு வழித் தூரம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர். உயரம் ஆயிரம் மீட்டர்தான் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், போய்வர நடைக்கு 144 நிமிடம், ஏற்றத்துக்கு 100, இறக்கத்துக்கு 33. உட்காராமல், தண்ணீர் குடிக்காமல் நாலரை மணி நேரத்தைத் தாண்டுகிறது. அதே 12 கிலோமீட்டரைத் தார்ச்சாலையில் ஒரு மணி பத்து நிமிடத்தில் ஓடுபவர், மலையிலும் அந்த நினைப்போடு ஒரு பாட்டில் தண்ணீரோடு கிளம்பினால் என்ன ஆகும்? ஐரோப்பாவில் மோன் பிளாங் மலையைச் சுற்றி 2003 முதல் நடக்கும் பந்தயம் சுமார் 170 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் ஏறத்தாழ 10,000 மீட்டர். கெடு 46 மணி நேரத்துக்கு மேல். வகுத்துப் பார்த்தால் மணிக்கு நான்கு கிலோமீட்டர்கூட வரவில்லை, கடைத்தெரு நடை. இருந்தும் தேறி வந்த ஓட்டக்காரர்களில் கணிசமானோர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். ஏறியவர் அத்தனை மீட்டரையும் இறங்கவும் வேண்டுமே.

பயிற்சியும் வேண்டாம், சூத்திரமும் வேண்டாம், பக்தர்கள் ஆண்டுதோறும் வெள்ளியங்கிரியில் வெறுங்காலில் ஏறி இறங்கவில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர்கள் ஓடுவதில்லை என்பது முதல் பதில். இரண்டாவது பதில் பூண்டி அடிவாரத்திலேயே விற்கிறது: மூங்கில் தடி. அதை ஏறுவதற்கான துணை என்று நினைப்பது பாதிதான் சரி. இறங்கும்போது தடியை முன்னால் ஊன்றி, அதில் பாரத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் காலை வைக்கும்போது தொடைக்குப் போகும் அடி குறைகிறது. மோன் பிளாங் ஓட்டக்காரர்கள் மடக்குத் தடியோடு ஓடுவது இதற்காகவும்தான். அதோடு, பக்தர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதும் உண்மையல்ல. வெள்ளியங்கிரி சீசனில் இறப்புச் செய்திகள் வரத்தான் செய்கின்றன. அவற்றில் பல நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும். அதை இறக்கத்தின் கணக்கில் எழுத முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பர்வதமலையில் கடப்பாறையையும் சங்கிலியையும் பிடித்து ஏறுகிற அந்தப் பாறையில், நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்த ஒருவர் திரும்பி இறங்குவதை நினைத்துப் பாருங்கள். ஏறும்போது பிடிமானம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். இறங்கும்போது காலால் தேட வேண்டும்.

சாகசத்துக்கு எதற்கு இத்தனை கட்டுப்பாடு என்பது இன்னொரு ஆட்சேபம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். காய்ந்த புல், செங்குத்துச் சரிவு. இறந்தவர்கள் இருபதுக்கும் மேல். அதன் பிறகுதான் மாநிலத்தில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, உள்ளூர் வழிகாட்டிகளோடு அரசே திறந்துவிட்டது. நல்ல காரியம். சீனத்தின் கான்சு மாநிலத்தில் 2021 மே 22 அன்று நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டம் இன்னும் கூர்மையான சான்று. திடீரென்று குளிர்காற்றும் ஆலங்கட்டி மழையும் அடித்தன. ஓடிய 172 பேரில் 21 பேர் உடல் விறைத்து இறந்தார்கள். இறந்தவர்களில் முன்னணியில் ஓடியவர்கள் பலர். பின்தங்கியிருந்தவர்களில் பலர் திரும்பி இறங்கித் தப்பினார்கள். வேகம் முன்னால் ஓடியவர்களைத் திரும்ப முடியாத உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டது. மலையிலிருந்து வெளியேற இறக்கத்தை விட்டால் வேறு வழி இல்லை. அந்த வழி எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்பது தெரியாமல் எந்தக் கெடுவும் வைக்கக் கூடாது. நம் ஓட்டப் போட்டிகளின் விண்ணப்பத்தில் பத்து கிலோமீட்டர் நேரம் என்ன என்று கேட்கிறார்கள். கடைசி இரண்டு மாதத்தில் எத்தனை மீட்டர் இறங்கினீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள்.

வாலாஜாபாத்தில் மலை எங்கே இருக்கிறது, இறங்குவதற்கு? இதுதான் வலுவான ஆட்சேபம். விடையும் இதற்குத்தான் எளிது. இறக்கத்துக்குத் தசை வியப்பான வேகத்தில் பழகிக்கொள்கிறது. ஒரு முறை அளவாக இறங்கி வலித்த கால், அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை மிகக் குறைந்த வலியோடு தாங்கும். ஆகவே உயரமான மலை தேவையில்லை, அடிக்கடி இறங்கினால் போதும். செங்கற்பட்டுச் சாலையில் பழையசீவரம் குன்று இருக்கிறது. பொங்கலுக்கு மறுநாள் காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு எழுந்தருளும் குன்று. தோளில் அவரைச் சுமக்கும் தண்டோடு அந்தச் சரிவில் இறங்குபவர்கள் காலை எட்டிப் போடுவதில்லை. முழங்காலைச் சற்று மடக்கி, குட்டைக் குட்டையாக, சீராக வைப்பார்கள். மலை ஓட்டப் பயிற்சியாளர்கள் சொல்லித் தருவதும் அந்த அடிதான். தென்னேரி ஏரிக்கரையின் மேடுபள்ளம் கணுக்காலுக்கு உதவும். தொடைக்கு உதவாது, கரை அவ்வளவு உயரமில்லை.

மழைக்காலத்தில் குன்றும் வழுக்கும். அப்போது மாடிப்படி இருக்கிறது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த, 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய விடுதி உட்பட இந்த வட்டாரம் முழுக்க மாடிகள் எழும்பிவிட்டன. ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் என்றால் ஐந்து மாடியை இருபது தடவை இறங்கினால் 300 மீட்டர் ஆகிறது. எடுத்த எடுப்பில் ஐந்து தடவை போதும். ஊர் வழக்கத்துக்கு நேர்மாறாக, மேலே போவதற்கு லிஃப்டைப் பிடித்து, கீழே வருவதற்குப் படியைப் பிடிக்க வேண்டும். லிஃப்டில் கூட வருகிறவர்கள் நான்காவது தடவை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.