பாதி நினைவும் முழு நினைவும்



பாலைநிலத்தில் மன்னாவை உண்டு சலித்த இஸ்ரயேல் மக்களுக்கு எகிப்தின் நினைவு வந்தது. மீன், வெள்ளரிக்காய், வெங்காயம், பூண்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதார்கள். எல்லாம் செலவில்லாமல் கிடைத்தது என்றார்கள் (எண் 11:4-6). செங்கல் அறுத்து ஓய்ந்த கைகளும், நைல் நதியில் எறியப்பட்ட ஆண் குழந்தைகளும் அந்தப் பேச்சில் இல்லை. சுவை நினைவில் நின்றது; அதற்குக் கொடுத்த விலை மறந்துபோயிற்று.

சோதனை நம்மிடம் வருவதும் இப்படித்தான். குடியை விட்டவருக்கு முதலில் நினைவுக்கு வருவது நண்பர்களோடு சிரித்த மாலைப்பொழுது. அடகுக்கடையில் மூழ்கிப்போன மனைவியின் சங்கிலி அல்ல. சோதனைக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. பாதியை நினைவூட்டினாலே போதும்.

தவறியபின் வரும் வருத்தமும் நம் நினைவைப் பாதியாக்கிவிடக்கூடும். படுக்கையில் கிடந்த தாயைப் பல ஆண்டுகள் பராமரித்த மகளுக்கு, கடைசி வாரத்தில் கோபமாகச் சொன்ன ஒரு சொல் மட்டுமே மனத்தில் நிற்கிறது. யூதாசும் வருந்தினார், 30 வெள்ளிக்காசுகளைத் திருப்பிக் கொடுத்தார் (மத் 27:3-5). தம் குற்றம் அவருக்கு நினைவிருந்தது. பாவிகளை மன்னித்த இயேசுவோடு நடந்த நாள்கள் அவருக்குக் கைகொடுத்ததாக நற்செய்தி சொல்லவில்லை.

பேதுருவும் தவறினார். ஆனால் ஆண்டவர் திரும்பி அவரைப் பார்த்தார். அவர் முன்பு சொன்னது நினைவுக்கு வர, பேதுரு வெளியே போய் அழுதார் (லூக் 22:61-62). அன்றிரவு அவர் குளிர்காய்ந்தது கரிநெருப்பில். உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் சீடர்களுக்காக மூட்டி வைத்திருந்ததும் கரிநெருப்பே (யோவா 18:18, 21:9). பேதுருவின் நினைவை ஆண்டவர் அழிக்கவில்லை. மும்முறை மறுத்தவரிடம் மும்முறை அன்பைக் கேட்டு, தம் ஆடுகளை ஒப்படைத்தார். வெட்கத்தின் நெருப்போடு மன்னிப்பின் நெருப்பும் பேதுருவின் நினைவில் சேர்ந்தது.

புனித இஞ்ஞாசியார் கற்பித்த ஆன்ம சோதனையில் ஐந்து படிகள் உண்டு. முதல் படி, பெற்ற நன்மைகளுக்காக இறைவனுக்கு நன்றி சொல்வது. குற்றங்களைத் தேடுவது அதற்குப் பிறகுதான். இன்றிரவு உறங்கும்முன் நாமும் அந்த வரிசையிலேயே நம் நாளைத் திரும்பிப் பார்ப்போம். பெற்ற நன்மையையும், செய்த தவற்றையும், அதற்குப் பிறர் கொடுத்த விலையையும் மறைக்காமல் ஆண்டவர்முன் வைப்போம். நெடுநாளாக உறுத்தும் ஒன்று இருந்தால், அதை ஒப்புரவு அருளடையாளத்திற்குக் கொண்டுவருவோம். பேதுருவைப் பார்த்த அதே கண்கள் அங்கே நம்மையும் பார்க்கின்றன.