பெயர் வைக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்

புலி, கரடி, கழுகு என அமெரிக்கக் கல்லூரி அணிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. படிப்பை முடித்துப் பல வருடம் ஆனவர்கள்கூட அந்தப் பெயர் போட்ட தொப்பியோடுதான் மேட்ச் பார்க்க வருவார்கள். ஆனால், பட்டப்பெயர் ஒரு மக்களினத்தின் பெயராக இருந்தால்?

வடக்கு டகோட்டா பல்கலைக்கழக அணிக்கு முதலில் ஒருவகைத் தரை அணிலின் பெயர்தான். 1930-ல் அதை மாற்றி, அந்த மண்ணின் பூர்வகுடிகளான சூ மக்களின் பெயரை வைத்தார்கள். பிற்காலத்தில் பூர்வகுடி மாணவர்கள் அதை எதிர்த்தார்கள். பெயரை மாற்றினால் ஐஸ் ஹாக்கி அரங்கக் கட்டுமானத்தையே நிறுத்திவிடுவேன் என்று மிரட்டினார், நன்கொடையாளர் ரால்ஃப் எங்கல்ஸ்டாட். பெயர் தப்பியது. 10 கோடி டாலருக்கும் மேல் விழுங்கிய அரங்கம் 2001-ல் திறக்கப்பட்டது. தரைக் கல்லிலும் இருக்கைகளின் ஓரத்திலும் ஆயிரக்கணக்கில் பூர்வகுடி வீரனின் முகம்!

2005-ல், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, இத்தகைய சின்னங்களுக்குத் தன் சாம்பியன்ஷிப் போட்டிகளில் தடை போட்டது. பல்கலைக்கழகம் வழக்குத் தொடுத்தது. இரண்டு சூ பழங்குடி அமைப்புகளின் ஒப்புதலையும் பெற வேண்டும் என்று 2007-ல் சமரசம் ஏற்பட்டது. அவற்றில் ஸ்பிரிட் லேக் மக்கள் வாக்களித்துச் சம்மதித்தார்கள். ஸ்டாண்டிங் ராக் பழங்குடி மன்றம் மறுத்துவிட்டது. 2012-ல் மாநில வாக்காளர்களே பெரும்பான்மையாகப் பெயரைக் கைவிடச் சொன்னார்கள். 2015 முதல் அந்த அணி 'ஃபைட்டிங் ஹாக்ஸ்', அதாவது பருந்துகள்.

ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணியோ இன்றும் 'செமினோல்ஸ்'தான். அதே 2005-ல் ஃபுளோரிடா செமினோல் பழங்குடி மன்றம் வெளிப்படையாக ஆதரவுத் தீர்மானம் போட்டதால் விலக்குக் கிடைத்தது. மேட்ச் தொடங்குமுன் குதிரையில் பாய்ந்து வந்து, எரியும் ஈட்டியை மைதானத்தின் நடுவே குத்துகிறார் ஒரு மாணவர். செமினோல் தலைவர் ஓசியோலாவின் வேடம் அது. அந்த மாணவர் அணியும் உடையை வடிவமைத்தவர்கள் செமினோல் பெண்கள்.

சம்மதம் இருந்த இடத்தில் பெயர் நிலைத்தது. மறுப்பு வந்த இடத்தில், கோடிகளைக் கொட்டிக் கட்டிய அரங்கத்தாலும் அதைக் காப்பாற்ற முடியவில்லை. ஒரு மக்களின் பெயர் அந்த மக்களுக்கே சொந்தம். அதைச் சட்டையில் அச்சடிக்கும் எந்தக் கல்லூரியும் முதலில் போய் நிற்க வேண்டிய வாசல் அவர்களுடையதுதான்.