பழைய வால்பேப்பரை எடுக்கிற வேலை: முதலில் நனைக்கணும், பிறகுதான் சுரண்டணும்



பொங்கலுக்கு முன்னால் சுவரைத் தேய்த்துச் சுண்ணாம்பு அடிப்பது நமக்குப் புதுசு இல்லை. நகரத்து வீடுகளில் இப்போது இன்னொரு வேலையும் வருது. சிங்கப்பெருமாள் கோவில், மறைமலைநகர் பக்கத்து ஊர்களிலிருந்து மின்சார ரயிலில் வந்து, பழவந்தாங்கலில் இறங்கி, நங்கநல்லூர் வீடுகளுக்கு வேலைக்குப் போகும் உறுப்பினர்கள் இதைப் பற்றிக் கூட்டத்தில் கேட்டார்கள். "சுவத்துல இருக்கிற பழைய பேப்பரைக் கிழிச்சுப் போட்டுடும்மா" என்று வீட்டுக்காரர்கள் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். கையில் எடுத்தால் நாள் முழுக்க இழுக்குது. கூலி தனியாகக் கிடையாது. தூசியில் இருமல் வேறு.

அதனால் இந்த வேலையை முறையாகச் செய்வது எப்படி, நம் உடம்பையும் கூலியையும் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்று பார்ப்போம்.

ஏன் உரிந்து வருது?

வால்பேப்பரில் பெரும்பாலும் மேலே பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். சுவரில் ஓதம் ஏறினாலோ, பக்கத்துக் குளியலறைக் குழாய் கசிந்தாலோ, அந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் பேப்பருக்குப் பின்னால் தங்கிவிடும். பசை இளகும், பூசணம் பிடிக்கும். சில வீடுகளில் ஓதக் கறையை மறைக்கவே பேப்பர் ஒட்டியிருப்பார்கள். பேப்பரை எடுத்தால்தான் சுவரின் உண்மையான நிலைமை தெரியும்.

என்ன வகை என்று பாருங்க

ஒரு மூலையை மெதுவாகத் தூக்கிப் பாருங்க.

1. ஸ்டிக்கர் மாதிரி தானாக ஒட்டுவது: தலைமுடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டிக்கொண்டே, சுவரை ஒட்டினாற்போல் கீழ்நோக்கி இழுக்கணும். வெடுக்கென்று இழுத்தால் பட்டியும் பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடும். சூடு காட்டும்போது சுவரை நனைக்கக் கூடாது.
2. பிளாஸ்டிக் மேல்தாள் உள்ளது: மேல்தாளை முதலில் காய்ந்தபடியே உரிச்சிடுங்க. அடியில் வெள்ளைத்தாள் நிற்கும். அதைத்தான் நனைக்கணும். பிளாஸ்டிக் மேல் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் உள்ளே இறங்காது.
3. வெறும் காகிதம்: நேராக நனைக்கலாம்.

செய்முறை

1. அந்த அறையின் மின்சாரத்தை மெயினில் நிறுத்தச் சொல்லுங்க. சுவிட்ச் போர்டைச் சுற்றி ஈரத்துணியால் துடைத்து எடுத்தால் போதும், தண்ணீர் தெளிக்கக் கூடாது. தரையில் பழைய துணி விரியுங்க.
2. ஒரு வாளி வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் கலந்து, ஸ்பாஞ்சால் இரண்டு கை அகலத்துக்கு நனையுங்க.
3. 15 முதல் 20 நிமிஷம் விடுங்க. காய்ந்தால் மறுபடி நனையுங்க. அவசரப்பட்டால்தான் சுவர் குழி விழும்.
4. பட்டித் தகட்டைச் சாய்த்துப் பிடித்து, மேலிருந்து கீழாக மெதுவாகச் சுரண்டுங்க.
5. பேப்பர் போனதும் சுவரை ஈரக்கையால் தடவுங்க. வழவழ என்று இருந்தால் பசை மிச்சம் இருக்கு. இரண்டு தண்ணீர் விட்டுக் கழுவணும். பசை மேல் பெயின்ட் அடித்தால் வெடித்து உரியும்.
6. சில நாள் காயவிடணும். மழைக்காலத்தில் இன்னும் கூடும். காய்ந்ததா என்று பார்க்க, ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்க. ஒரு நாள் கழித்துத் தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவரில் இன்னும் ஈரம் இருக்கு. பல நாள் ஆகியும் வியர்த்தால் கசிவைச் சரிபண்ணாமல் பெயின்ட் அடிப்பது வீண்.

தூசிதான் ஆபத்து

பேப்பருக்கு அடியில் பழைய பெயின்ட் இருக்கலாம். அதில் ஈயம் கலந்திருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி கொண்டுவந்தது. 2017 நவம்பர் முதல் அது அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட்டை நம்ப முடியாது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லும் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனவே:

* காய்ந்த சுவரில் உப்புத்தாள் போடவே கூடாது. நனைத்துத்தான் தேய்க்கணும்.
* தூசியைப் பெருக்காதீங்க, ஈரத்துணியால் துடைத்து எடுங்க. முகமூடி போடுங்க. துணி கட்டுவது மட்டும் போதாது.
* கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் அந்த அறைக்கு வரக் கூடாது.
* கை கழுவாமல் சாப்பிடாதீங்க. வேலை செய்த புடவையைத் தனியாகத் துவையுங்க. அதே புடவையோடு பிள்ளையைத் தூக்கினால் தூசி பிள்ளைக்குத்தான் போகும்.
* கிழித்த பேப்பரை வெந்நீர் அடுப்பில் போடாதீங்க. பிளாஸ்டிக் புகை நஞ்சு.
* பூசணத்துக்கு பிளீச்சிங் பவுடர் போட்டால், அதோடு ஆசிட்டையோ கழிவறை கழுவும் திரவத்தையோ கலக்கக் கூடாது. நச்சு வாயு வரும்.

கூலியை முன்னாலேயே பேசுங்க

முதலில் 10 சதுர அடி மட்டும் எடுத்துப் பாருங்க. அதற்கு அரை மணி நேரம் ஆனால், 10 அடிக்கு 10 அடி உள்ள நான்கு சுவருக்கு, அதாவது 400 சதுர அடிக்கு, 20 மணி நேரம் ஆகும். ஒரு ஆளுக்கு இரண்டரை நாள் வேலை! பசை கழுவுவதும் குப்பை அகற்றுவதும் இதில் சேரவில்லை. இந்தக் கணக்கை வீட்டுக்காரரிடம் சொன்னால், "கிழிச்சுப் போடுற வேலைதானே" என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டு வேலைக்கு வாங்கும் மாதச் சம்பளத்தில் இது சேராது என்று தயங்காமல் சொல்லுங்க.

வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு 2007-ல் அமைந்த வீட்டுப் பணியாளர்கள் நல வாரியமும், பெயின்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கு 1994-ல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியமும் இருக்கு. இதுவரை பதியாதவர்களின் பெயரை அடுத்த கூட்டத்தில் ஊக்குநர்கள் குறித்துக்கொள்ளட்டும். படிக்கத் தெரியாத சகோதரிகளுக்கு இந்தப் பக்கத்தை யாராவது ஒருவர் வாசித்துக் காட்டுங்க.